எந்த ஸுவைனாவுக்கு அனுமதி

ஜனவரி 25, ஞாயிறு

திருத்த வேண்டிய விடைத்தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. நடுவில் மகள் அர்வா கூப்பிட்டாள். மார்ச் ஐந்தாம் தேதி பிரசவமாம். மாப்பிள்ளைக்குப் படையில் விடுப்பு இல்லை, மஸ்கட்டை விட்டு நகர முடியாது. மான்செஸ்டரில் என் மகளுக்கு என்னை விட்டால் யார்? குழந்தை பிறந்து நாற்பது நாளும் தாய் கூட இருக்க வேண்டும். எனக்கு உம்மா இருந்தார்கள், அவளுக்கு நான் இருக்க வேண்டும்.

விசா வேண்டாமாம். ஓமான் கடவுச்சீட்டுக்குக் கைபேசியிலேயே முன் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். கடவுச்சீட்டைப் படம் எடு, முகத்தைக் காட்டு, நாலு கேள்விக்குப் பதில் சொல், அவ்வளவுதான் என்றாள்.

ஜனவரி 28

அவ்வளவுதான் இல்லை.

ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். வேறு ஏதாவது நாட்டின் குடியுரிமை உண்டா? இல்லை என்று தட்டப் போனேன். எதற்கும் அர்வாவைக் கேட்போம் என்று கேட்டேன். சட்டம் படிக்கிறவளிடம் கேட்டது என் தப்பு. "உம்மா, நீங்க லண்டன்ல பொறந்தவங்க. அந்தக் காலத்துல அங்க யாரு பொறந்தாலும் அவங்க குடிமக்கள்தான். நீங்க கேக்கவே வேணாம், நீங்க ஏற்கெனவே பிரிட்டிஷ்" என்றாள்.

பிரிட்டிஷ் என்றால் இந்த முன் அனுமதியே எனக்குக் கிடையாதாம். அவர்கள் கடவுச்சீட்டோடுதான் வர வேண்டுமாம். பிப்ரவரி இருபத்தைந்திலிருந்து கெடுபிடி. விமானத்திலேயே ஏற்ற மாட்டார்களாம்.

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 29

கல்ஃபானிடம் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம், அவருக்கு எல்லாமே கேலிதான். இத்தனை நாள் வெள்ளைக்காரியோடா குடித்தனம் பண்ணினேன், அதுதான் ரொட்டி வட்டமாக வரவில்லையா என்றார். நம் நாட்டில் அனுமதி வாங்காமல் இரண்டாவது குடியுரிமை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேலியை நிறுத்திவிட்டார்.

என் வேலை? ஓய்வூதியம்? கேட்காமல் தலையில் விழுந்த ஒன்றுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆம் என்றால் இங்கே சிக்கல். இல்லை என்றால் பொய். கீழே "நான் சொன்னதெல்லாம் உண்மை" என்று வேறு உறுதி கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 2

பயண அலுவலகத்து யூனுஸ், "'இல்ல'ன்னு தட்டிட்டுப் போய்க்கிட்டே இருங்க டீச்சர், அவன் எங்க வந்து பாக்கப் போறான்" என்கிறான். அர்வா கூடாது என்கிறாள். அவளுடைய பேராசிரியை இன்னொன்று சொன்னாராம்: தகப்பனார் அங்கே தூதரக வேலையில் இருந்திருந்தால் பிள்ளைக்கு அந்தக் குடியுரிமை வராது. படிக்கப் போயிருந்தால் வரும்.

வாப்பா அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? நாற்பத்தாறு வயதில் எனக்கு இது தெரியவில்லை. வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. நப்ஹான் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். அப்போது அவனுக்கு ஏழெட்டு வயது இருந்திருக்கும்.

பிப்ரவரி 6, வெள்ளி

கேட்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து இப்ராவுக்கு, அண்ணன் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்குப் போனோம். சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், வாப்பா லண்டனில் படித்தாரா, தூதரகத்தில் இருந்தாரா என்று. துறைமுக வேலைக்குப் பயிற்சி, மூன்று வருஷம் என்றான். சரி, அப்படியானால் நான் பிரிட்டிஷ்தான் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தான்.

"நீ எங்கடி லண்டன்ல பொறந்த? இதோ இந்த உள் ரூம்ல பொறந்த. லண்டன்ல பொறந்தது மூத்த ஸுவைனா. எட்டு மாசத்துல சளி கட்டிப் போயிட்டா. அங்கயே அடக்கம் பண்ணிட்டு வந்தோம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். மூத்தவள் பிறந்தது எழுபத்தொன்பதில். ஊர் திரும்பி, எண்பத்தொன்றில் நான். உம்மா அதே பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றாராம். வாப்பாவிடம் ஒரு பிறப்புச் சான்று இருந்தது. பெண் குழந்தை, பெயர் ஸுவைனா, தகப்பன் ஸைஃப், எல்லாம் பொருந்தியது. புதிதாக எதற்கு ஒன்று என்று அதையே கொடுத்துவிட்டார். ஊரில் அப்போது பலரும் செய்ததுதான் என்றான்.

ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பிப்ரவரி 7

நாற்பத்தாறு இல்லை. நாற்பத்து நான்கு. வகுப்பில் எப்போதும் நான்தான் குட்டை. எழுத்து வரவில்லை என்று முதல் இரண்டு வருஷம் அடி வாங்கினேன். ஆறு வயதுப் பிள்ளைகளோடு நாலு வயதுக் குழந்தையை உட்கார வைத்தால் எப்படி வரும்? மக்கு என்றார்கள். நானும் நம்பினேனே. அந்த வீம்பில்தான் டீச்சரே ஆனேன்.

யார் மேல் கோபப்படுவது? ஒரு தேதி சரியில்லை என்று எத்தனை பிள்ளைகளின் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 8

அர்வாவிடம் சொன்னேன். அழுகிறாளோ என்று பார்த்தால் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே பிறக்காதவளுக்கு அங்கே குடியுரிமை இல்லை, ஆகவே "இல்லை" என்பது உண்மை என்றாள். ஆனால் கடவுச்சீட்டில் பிறந்த இடம் லண்டன் என்று இருக்கிறதே, அது பொய். ஒரு கேள்விக்கு உண்மை சொல்ல, இன்னொரு பொய்யைக் கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். திருத்தப் போனால் கோர்ட், சாட்சி, புதுக் கடவுச்சீட்டு, எத்தனை மாதமோ. குழந்தை அதுவரை காத்திருக்குமா?

"எனக்குப் பயமா இருக்கு உம்மா. வந்துருங்க" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் சட்டம் படிக்கிறவளாக இல்லை.

பிப்ரவரி 10

இல்லை என்று தட்டினேன்.

முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். வட்டத்துக்குள் கொண்டு வா என்றது. கொண்டு வந்தேன். கடவுச்சீட்டில் இருப்பவரும் நீங்களும் ஒருவரே என்று பச்சைக் குறி போட்டது. அதற்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 11

பதில் இல்லை. நாலு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 12

வந்துவிட்டது. அனுமதி, இரண்டு வருஷத்துக்கு. கல்ஃபான் கையைத் தட்டினார். நான் கடவுச்சீட்டைத் திறந்து அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள்? எட்டு மாசம் வாழ்ந்தவளுக்கா, எனக்கா?

பிப்ரவரி 27, விமானத்தில்

விமான நிலையத்தில் கடவுச்சீட்டைச் சரிபார்த்த பெண் பிறந்த இடத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். "ஏன் இல்ல?" என்றாள். நோன்பு நேரத்தில் பொய் சொல்லக் கூடாது, உண்மையைச் சொன்னால் இங்கேயே நிற்க வேண்டும். நான் குடிமகள் இல்லை, அவ்வளவுதான் தெரியும் என்றேன். மேலாளரைக் கூப்பிட்டாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள். பதினைந்து நிமிஷம். அனுமதி இருக்கிறது, போகலாம் என்றார் அவர். கடவுச்சீட்டை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன்.

மார்ச் 4

பெண். நல்லபடியாகப் பிறந்தாள். அர்வாவின் கை கடைசி வரை என் கையில்தான் இருந்தது. வேறு எழுத முடியவில்லை.

மார்ச் 9

என் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஷம்ஸா என்று வைத்தோம். இங்கே முறையாகப் பதிந்தும் வந்தோம். அலுவலர் எழுதியதை மூன்று முறை சரிபார்த்தேன். அவருக்கு எரிச்சல்.

ஏப்ரல் 14, செவ்வாய்

நேற்றோடு நாற்பது முடிந்தது. இன்று லண்டனுக்கு வெளியே, மூத்தவளை அடக்கம் பண்ணிய கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் வருஷத்தையும் மாதத்தையும் மட்டும் சொல்லியிருந்தான். அலுவலகத்தில் இருந்த பெண்மணி பழைய பதிவேட்டை எடுத்து வந்து தேடினார். கிடைத்தது. பிறகு வருகைச் சீட்டை எழுத என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"இல்லைங்க, அது இறந்தவங்க பேரு. உங்க பேரைச் சொல்லுங்க."

கடவுச்சீட்டை எடுத்து வைத்தேன். அதைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார். பெயரும் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று. நல்ல மனுஷி, எதுவும் துருவவில்லை. என்ன உறவு என்று மட்டும் கேட்டார்.

"தங்கச்சி" என்றேன். வாய்விட்டு அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கல் இல்லை, ஒரு எண்தான். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஊருக்குப் போனதும் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். வேலை என்ன ஆனாலும் ஆகட்டும். அவளுடைய தேதியை அவளிடமே கொடுத்துவிட வேண்டும்.