தியேட்டர் வாசலில் நான் சொன்ன கருத்து

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் என்றால் முகத்தைக் காட்டச் சொல்வாய், எனக்குக் காட்ட முகம் இல்லை சாமி. அந்த வீடியோவை நீ பார்த்துவிட்டதாக அம்மா சொன்னாள். ஒன்பது நாளாக நீ என்னோடு பேசவில்லை, அது நியாயம்தான். ஆனாலும் நடந்ததை ஒருமுறை நானே உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

பத்து நாளைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை, போர்வெல் போடும் ரிக் வண்டியில் என்னோடு இருபது வருஷம் ஓடின முருகானந்தம் வந்து, திருச்செங்கோட்டில் ஒரு சிரிப்புப் படம் ஓடுகிறது வா என்று கூட்டிப் போனான். படம் முழுக்க ஒரு மாப்பிள்ளை வாங்கும் அடிதான். மனைவி வேலைக்குப் போகிறாள், அவன் வீட்டில் சமைக்கிறான், மாவில் வழுக்கி விழுகிறான், மாமியார் தோசைக்கல்லால் ஒன்று போடுகிறாள், குக்கர் வெடித்துச் சாம்பார் மாமனார் மொட்டையில் கொட்டுகிறது. கதை என்று ஒன்றும் கிடையாது. பொய் சொல்ல மாட்டேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். வெளியே வந்தால் இரண்டு பேர் மைக்கும் போனுமாக நின்று படம் எப்படி என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா, தலைவலிதானுங்க மிச்சம், எந்திரிச்சுப் போலாம்னா புள்ளைங்க உட மாட்டேங்குதுங்க என்றார். ஒருவர் முதல் பாதி பரவாயில்லை, பின்பாதி இழுவை என்றார். மைக் என் முன்னால் வந்தது. சுற்றி அத்தனை பேர் நிற்க, நாமும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இதுக்கெதுக்குங்க டிக்கெட்டு, எங்கூட்டு மாப்பிள்ளையே இப்படித்தானுங்க, எம்புள்ள ஆபீசுக்குப் போவுது, அவரு ஊட்டுல பால்புட்டி களுவுறாரு என்றேன். கூட்டம் ஓவென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அப்போது எனக்கு இனித்தது, இப்போது அதை நினைத்தால்தான் உடம்பே கூசுகிறது.

மறுநாள் மாப்பிள்ளையை வாரிய மாமனார் என்று தலைப்புப் போட்டு அது ஊரெல்லாம் சுற்றியது. அம்மா பார்த்துவிட்டுக் கத்தவில்லை. ஏனுங்க, போன வருசம் கால் முறிஞ்சு கெடந்தப்ப பன்னண்டு நாளு உங்களுக்கு மலம் மூத்திரம் எடுத்தது ஆருங்க என்று மட்டும் கேட்டாள். அம்மாவின் இடுப்பு வலிக்கு என்னைத் தூக்க முடியாது, உனக்கு லீவு கிடைக்கவில்லை, குழந்தையையும் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை சபரிநாதன்தானே வந்தார். உனக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது, அது நீ அறிந்ததுதான். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் மாப்பிள்ளை லீவு போட்டு வந்திருக்கிறார் என்று நான் சொன்னேன். அவர் என் கட்டில் பக்கத்திலேயே ஈரத்துணியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆக, அன்றைக்கே நான் அவரை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன், தியேட்டர் வாசலில் வாய் தவறியது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வீடியோ எடுத்தவர்களைத் தேடிப் போய் அதை நீக்கிவிடச் சொன்னேன். ஐயா, அதுதானுங்க நல்லா ஓடுது என்றார்கள். அப்படியே பஸ் ஏறி ராசிபுரம் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மா சென்னியம்மாள் வாங்க என்று சொல்லிக் காப்பி வைத்ததோடு சரி, உள்ளே போனவர் திரும்ப வரவில்லை. சம்பந்தி தங்கமுத்து, டீக்கடையில காட்டுனாங்க, கண்ணாடி கொண்டு போகலீங்க, ஆரு பேசுறதுன்னு தெரியாம நானுஞ் சேர்ந்து சிரிச்சுப்போட்டனுங்க, ஊட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தா நீங்க என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கையெடுத்துக் கும்பிட்டேன். எங்கிட்டக் கும்புட்டு என்னங்க ஆவுது, அவங்கிட்டப் பேசுங்க என்று என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். வரும் வழியில் முருகானந்தமும் மற்றவர்களும் உட்காரும் கடைக்குப் போய், பன்னிரண்டு நாள் கதையையும் நான் சொன்ன லீவுப் பொய்யையும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். தமாசுக்குப் பேசுனதுக்கு இவ்வளவா என்றான் அவன். தமாசு இல்லடா என்றேன்.

அங்கே மழை ஆரம்பித்திருக்கும், குழந்தைக்குக் காது மூடித் தொப்பி போடு. நீயும் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு. இரண்டு வருஷமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு, மாமா பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்று மாப்பிள்ளை எனக்கு மெசேஜ் அனுப்புவார். வீடியோ வந்த மறுநாளும் அனுப்பினார், இன்றைக்குக் காலையிலும் வந்தது. ஒன்றுக்கும் பதில் போட விரல் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் ரயில் ஏறுகிறேன், அவரிடம் நேரில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்காக நீ ஒன்றும் பரிந்து பேசாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். நான் வரும் வரைக்கும், அப்பா மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடு.

தலைகுனிந்து எழுதும் உன் அப்பா,
கந்தவேல்