வெட்டக் கூடாத இடம்

ஷார்ஜா

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

முட்டிவலி தேவலையா? நான் சுகம், சுண்டவற்றல்தான் தீர்ந்துவிட்டது, அனுப்பு.

உன் தம்பி சிவக்குமார் எடுத்த படத்தை நேற்று இங்கே தியேட்டரில் பார்த்தேன். ஒரு பையன் ஆளாவதை மூன்று மணி நேரம் காட்டுகிறான். பக்கத்தில் இருந்த அலங்காநல்லூர்க்காரர், "அண்ணே, பயலுக்கு மீசை மொளைக்க இம்புட்டு நேரமா?" என்றார். எனக்குப் பரம திருப்தி. என்னைக் கேட்காமல் நம் கோச்சடை வீட்டில் படம்பிடித்தவனோடு இன்றுவரை நான் பேசுவதில்லையே!

ஆனால் பையன் அழும் காட்சியில், பின்னால் மொட்டைமாடியில் நீ துணி எடுத்துக்கொண்டிருந்தாய். அதற்காகவே இன்றும் போனேன்.

நீளத்தைக் குறைக்கப் போகிறார்களாம். எதை வேண்டுமானாலும் வெட்டட்டும், அந்த இடத்தில் கைவைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல். நான் சொன்னதாகவே சொல்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

நல்லகாமன்