கண் வைக்காத யானை

மூலக்குளம், புதுச்சேரி
கார்த்திகை கடைசி வெள்ளி

அன்பு மகள் அமிர்தாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். எப்போதும் முதல் வரியில் எழுதுகிற நலம் இல்லை இது. தண்ணீர் வடிந்து, தரை காய்ந்து, நேற்று சொந்த அடுப்பில் ரசம் வைத்துச் சாப்பிட்ட நலம். அங்கே பாரிஸில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அதேபோல நலமாக இருக்க வேண்டும். போன்தான் வந்துவிட்டதே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வருகிறது, நீ உடனே அம்மா அழாதே என்கிறாய், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். தவிர, இந்தப் பார்சலில் ஒரு யானை இருக்கிறது, அது எப்படி வந்தது என்று தெரியாமல் நீ அதைப் பிள்ளை பக்கத்தில் வைக்கக் கூடாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது யானைதான். மாப்பிள்ளை பன்றியா என்று கேட்டால் தும்பிக்கையைக் காட்டு.

புயல் கரை கடந்த மறுநாள் காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். உனக்கு பிரஷர் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், பிள்ளையை மாதம் நிறையும் முன்னாலேயே எடுக்க வேண்டியிருக்கலாம், அத்தை பயப்படாதீங்க என்று சொல்லும்போதே லைன் போய்விட்டது. கரண்ட் முந்தின நாளே போயிருந்தது, இப்போது டவரும் போனது. பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு லைன் போனால் ஒருத்தி என்ன செய்வாள் சொல். அந்த நிலையில் தண்ணீர் வேறு வந்தது. நான் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன், அது பின்பக்கம் பாத்ரூம் குழி வழியாகக் கொப்பளித்து வந்து கூடத்தில் நின்றது. ஃப்ரிட்ஜ் சாய்ந்து மிதந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்பா டிவியை விட்டார், பீரோவை விட்டார், உன் பிரசவத்துக்கு வர நான் கட்டி வைத்திருந்த பெட்டியை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டார். எதிர்வீட்டு முசியே லூக்கா மாடிப்படியில் கயிறு கட்டி எங்களை இழுத்துக்கொண்டார். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர் இல்லையா, எங்களையும் பட்டாளத்தான் மாதிரி அதட்டி அதட்டித்தான் ஏற்றினார். அவரும் அவர் மனைவி அன்னாவும் இல்லாவிட்டால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அந்த மாடியில் அவர்கள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர், பின் தெருவில் பூ விற்கும் செல்வாம்பாள், அவள் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். குழந்தைகள் வீட்டுக்குப் போகணும் என்று ஒரே அழுகை, வீடு எங்கே இருக்கிறது போக. எனக்கோ கையில் ஒரு வேலை இல்லை. வேலை இல்லாத கைக்கு வேண்டாத நினைப்பு தேடி வரும். செத்துப்போன போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன், ஆஸ்பத்திரியில் உன்னை எங்கே படுக்க வைத்திருப்பார்களோ, உனக்குக் குளிருமோ என்று நினைப்பேன், கீழே தண்ணீரைப் பார்ப்பேன், மறுபடி போனைப் பார்ப்பேன். அன்னாதான் என்னைக் கவனித்துவிட்டுத் தையல் டப்பாவைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். கிறிஸ்துமஸ் குடிலில் பனி போடுவதற்காகப் பரணில் இருந்து எடுத்து வைத்திருந்த பஞ்சையும் கொடுத்தாள். நான் தயங்கினேன். புதுச்சேரியில் பிறந்த குழந்தை இயேசு பனியைக் கேட்கப் போவதில்லை அக்கா, தைங்க என்றாள். அவளுடைய பழைய ஜன்னல் திரையை வெட்டி அந்தப் பிள்ளைகளுக்குப் பொம்மை தைக்க உட்கார்ந்தேன். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கத் தெரிந்தவளுக்கு பொம்மை எங்கே வரும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், நான் முயல் பிடிக்கப் போய்க் கழுதையாய் முடிந்தது. இது என்ன மிருகம்னு நீங்களே சொல்லிடுங்கக்கா என்று செல்வாம்பாள் சிரித்தாள், அந்த வீட்டில் அன்றுதான் முதல் சிரிப்பு. பட்டன் டப்பாவைக் கவிழ்த்துப் பிள்ளைகளே கண் பொறுக்கினார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பெரியவள் அந்தக் கழுதையைக் கட்டிக்கொண்டு அழாமல் தூங்கினாள். எனக்கும் ஊசி ஓடும் நேரத்தில் போனை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதனால் அடுத்தது, அதற்கடுத்தது என்று தைத்துக்கொண்டே இருந்தேன்.

துணி தீர்ந்ததும் பெட்டியைத் திறந்தேன். பிறக்கும் பிள்ளைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று துவைத்து மடித்திருந்த என் பழைய நூல் புடவைகள் இருந்தன. ஊதாப் புடவையில் ஒரு துண்டு வெட்டினேன். யாருக்கு என்று வாயால் சொல்லவில்லை, மனசாலும் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் இரண்டு பேரும் முன்கூட்டியே அறைக்கு பெயின்ட் அடித்து, தொட்டில் கட்டில் வாங்கி வீடியோவில் காட்டியபோது நான் போட்ட சத்தம் உனக்கு மறந்திருக்காது. பிறக்கும் முன்னே பிள்ளைக்கு எதுவும் செய்யக் கூடாது என்று கத்தியவள், கத்தரியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். பழந்துணி கணக்கில் வராது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நாலு கால், தும்பிக்கை, முறம் மாதிரி இரண்டு காது எல்லாம் வைத்தேன். கண் மட்டும் வைக்கவில்லை. சாமி சிலைக்கே கண் திறப்பது கடைசியில்தானே. கண் வைக்காத வரை அது வெறும் துணி, வைத்துவிட்டால் பொம்மை, பொம்மை என்றால் அது ஒரு பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை இருக்கிறதா, நீ இருக்கிறாயா என்று தெரியாமல் எப்படி வைப்பேன். சின்னவன் ஏன் யானைக்குக் கண் இல்லை என்று நச்சரித்தான், பட்டன் தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன், டப்பா நிறைய பட்டன் இருந்தது. அப்பா மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் அப்பாவும் முசியே லூக்காவும் போனை பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ரெட்டியார்பாளையம் பக்கம் டவர் வந்துவிட்டது, அங்கே லாரிக்காரர் ஒருவர் பேட்டரியில் சார்ஜ் போட்டுத் தருகிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் யானையின் காதைத் தைப்பேன், சரியில்லை என்று பிரிப்பேன், மறுபடி அதே காதைத் தைப்பேன். மத்தியானம் படியில் சத்தம் கேட்டது. உன் அப்பாவைத்தான் தெரியுமே, கல்யாணச் சேதியையும் சாவுச் சேதியையும் ஒரே முகத்தோடு சொல்கிறவர். ஈரம் சொட்டச் சொட்ட என் முன்னால் வந்து நின்றார். தீபாவளிக்கு நீ அனுப்பிய சட்டைதான் போட்டிருந்தார். நெஞ்சில் கை வைத்தார், எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் பட்டனைத் திருகிக்கொண்டிருக்கிறார். ஒன்றைப் பிய்த்தார், இன்னொன்றைப் பிய்த்தார், இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா, கண்ணு வச்சிடு" என்றார்.

அந்த யானை யாருக்கு என்று நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை அமிர்தா. அப்புறம்தான் முசியே லூக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்து எல்லாம் சொன்னார். மாப்பிள்ளை போன் எடுக்காததால் லூக்காவே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பிரெஞ்சில் சண்டை போட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட வைத்தாராம். பெண் குழந்தை, எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் நன்றாக அழுகிறது, தாய்க்கும் பிரஷர் இறங்கிவிட்டது என்றார். அன்னா சிலுவை போட்டுக்கொண்டாள், செல்வாம்பாள் குலவை போட்டாள். நான் அழுதுகொண்டே கண் வைத்தேன், அதனால் இடது கண் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அதைப் பிரித்துச் சரி செய்கிறேன் என்று நீ கிளம்பாதே.

வீட்டுச் சேதி என்றால், ஃப்ரிட்ஜும் மெத்தையும் போயின, வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது, கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டுவிட்டது, போகட்டும், ஆட்கள் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் என் டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியவில்லை. தன் அப்பா அம்மாவைப் பார்க்க ஓடி வந்த லூக்கா மகன் அர்மான் ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் திரும்புகிறான், அவனிடம்தான் பார்சல். பூண்டு நிறையச் சாப்பிடு, காதைத் துணியால் மூடிக்கொள், நர்ஸ் கொடுக்கிறாள் என்று குளிர்ந்த தயிரைத் தொடாதே. மாப்பிள்ளையைத் தூங்கச் சொல், பாவம், அவரும் தனியாளாக எவ்வளவுதான் பார்ப்பார். பேத்தி எடை ஏறி, நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். பட்டனை நாலு இழை நூலில் தைத்திருக்கிறேன், ஆனாலும் பல் முளைத்தபின் அவள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்.

அப்பாவிடம் அந்தச் சட்டைக்கு வேறு பட்டன் வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். இரண்டு ஊக்கைக் குத்திக்கொண்டு அதையே போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார். பட்டன் எங்கே என்று யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறார். கேட்டால், எம் பேத்திகிட்ட இருக்கு என்கிறார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
நிர்மலாதேவி