கேசட்டின் பி பக்கத்தைக் கேட்டருள வேண்டி

அனுப்புநர்:
தி. சுந்தரராமன்,
தந்தி அலுவலக எழுத்தர்,
மூன்றாவது குறுக்குத் தெரு,
மாடம்பாக்கம்.

பெறுநர்:
காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
தாம்பரம்.

பொருள்: பாடகர் தனக்கோடியின் குரல்வளை அடித்து நொறுக்கப்பட்டது – விபத்து எனப் பதிவானது – ஒரே சாட்சியான ஒலிநாடா அழிக்கப்படாமல் காக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தனக்கோடி (வயது 41) மாலை வேளைகளில் மெல்லிசைக் கச்சேரிகளில் பழைய திரைப்பாடல்கள் பாடி வந்தவர். 23.5.93 ஞாயிறு மாலை எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் வரவேற்புக் கச்சேரி நடந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை மகன் சம்பத் என்பவன் இரும்பு மைக் ஸ்டாண்டால் அவர் தொண்டையில் ஓங்கி அடித்தான். இப்போது கழுத்தில் துளை போட்டு, அதில் செருகிய குழாய் வழியாக மூச்சு விடுகிறார். இனிப் பேச்சு வருவதே கடினம் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். முதல் தகவல் அறிக்கையிலோ ‘மது அருந்தித் தடுமாறி மைக் ஸ்டாண்டின்மேல் விழுந்தார்’ என்று எழுதியிருக்கிறது. ஐயா, தொண்டைக்கு ஆகாது என்று மோரைக்கூடத் தொடாதவர் அவர்.

2. தாங்கள் பாட்டுக் கேட்பவரா என்று எனக்குத் தெரியாது. ஆகவே சற்று விளக்க அனுமதிக்க வேண்டும். அந்த நாளைய பாடகர்களில் ஒரு வகையினர் உண்டு. அவர்கள் கூவமாட்டார்கள். மைக்குக்கு மிக அருகில் வாயை வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்வதுபோல் பாடுவார்கள். மூச்சு எடுப்பதுகூடக் கேட்கும். ஒருவர் குரல் லேசாக மூக்கோடு சேர்ந்து வரும். இன்னொருவர் குரல் சொல்லின் கடைசி எழுத்தில் கரைந்தே போகும். ஆபீசில் வசை வாங்கிய நாட்களில், ரயிலைவிட்டு இறங்கி, டீக்கடை ரேடியோவில் அந்தக் குரல்களைக் கேட்டுவிட்டுத்தான் நான் மனுஷனாக வீடு திரும்பியிருக்கிறேன். தனக்கோடி அவர்களை நகலெடுத்தவர் அல்லர். அந்தக் குரல்களில் இருந்த அடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர். கீழ்ஸ்தாயிக்கு இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்த இடத்தைக் கேட்டு நான் பலமுறை வெட்கமில்லாமல் அழுதிருக்கிறேன்.

3. பழைய பாட்டுக் கேட்போர் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் என் வீட்டில் கூடுவோம். எங்களுக்கு ஒரே ஒரு விதி. டேப் ஓடிக்கொண்டிருந்தால் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒருமுறை என் மனைவி கொதிக்கும் பாலில் கை சுட்டுக்கொண்டபோதுகூடப் பாட்டு முடிந்த பிறகுதான் கத்தினாள். அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

4. பெண்ணின் தகப்பனார் ஏகநாதன் எங்கள் வட்டத்தைச் சேர்ந்தவர். பழைய பாட்டு மட்டுமே பாட வேண்டும் என்று கச்சேரி வைத்தவர் அவர். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்களுக்கு அது பிடிக்கவில்லை. டப்பாங்குத்து கேட்டுச் சீட்டுமேல் சீட்டாக மேடைக்கு அனுப்பினார்கள். தனக்கோடி ஒவ்வொன்றையும் வாங்கிக் கும்பிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு சோகப் பாட்டு முடிந்ததும் சம்பத் மேடையருகே வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பொறுத்தருள்க: “இன்னொரு வாட்டி இந்த அழுமூஞ்சிப் பாட்டு வந்துச்சு, தொண்டைய ஒடச்சிருவேன்.”

5. அந்தப் பாட்டை என் டேப் ரெகார்டரில் பதிவு செய்திருந்தேன். சரணத்தின் நடுவே சாப்பாட்டுக்கூடத்தில் யாரோ அண்டாவைப் போட்டு உருட்டிவிட்டார்கள். பதிவு பாழ். நான் ஒரு சீட்டு எழுதினேன்: ‘அதே பாட்டு, இன்னொரு முறை, கேசட்டுக்காக.’ மிரட்டலைக் கேட்ட பிறகுதான் எழுதினேன். தனக்கோடி படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பாட ஆரம்பித்தார்.

6. இரண்டாம் சரணத்தில் அவர் கண்ணை மூடியிருந்தபோது அடி விழுந்தது. காய்ந்த தென்னை மட்டையை உடைக்கும் சத்தம்போல இருந்தது. வாயிலிருந்து ரத்தம் கொட்டி ஆர்மோனியத்தின்மேல் ஓடியது. கீழே விழுந்தவரை மறுபடியும் தோளிலும் விலாவிலும் அடித்தான். அப்போது ஏகநாதன், “சம்பத்து, வோணாம்பா, செத்துருவாரு” என்று அலறினார். இவ்வளவும் கேசட்டின் பி பக்கத்தில் இருக்கிறது, பெயர் உட்பட.

7. மறுநாள் காலையில் தாலி கட்டியாயிற்று. சாட்சி சொல்ல வரும்படி ஏகநாதனின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். “என் பொண்ணு அந்த வூட்ல வாழ்ந்தாவணும் சார்” என்றார். எங்கள் வட்டத்தின் மற்றவர்களும் அவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

8. ஆகவே கேசட்டை நானே காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். ரசீது தரவில்லை. நான்கு நாள் கழித்துப் போய்க் கேட்டபோது ஏட்டு, “கேட்டேன் சார், வெறும் பாட்டுதான் கீது. நல்ல கேசட்டு, மேலயே வேற புடிச்சிக்கலாம்” என்றார். அவர் ஏ பக்கத்தை மட்டும் கேட்டிருக்கிறார். மேலே பதிவாகாதபடி கேசட்டின் முனைகளில் உள்ள சிறு தகடுகளை உடைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் அந்த ஓட்டையில் காகிதத்தை அடைத்தால் பதிவாகும் என்பது ஊருக்கே தெரிந்த வித்தை.

9. 6.6.93 அன்று காலை சம்பத்தும் வேறு மூவரும் என் வீட்டுக்குள் புகுந்தார்கள். இசைத்தட்டுகளைத் தரையில் பரப்பி, என்னைப் பார்க்கவைத்து, ஒவ்வொன்றாக மிதித்து உடைத்தார்கள். உடைந்த துண்டு ஒன்றால் என் கன்னத்தைக் கிழித்தார்கள். முன்பல் இரண்டு போயின. சம்பத் என் வாய்க்குள் தட்டுத் துண்டைத் திணித்து, “பாடு” என்று சொல்லிச் சிரித்தான். ஐயா, இருபத்தாறு ஆண்டுகள் அரசு ஊழியம் பார்த்தவன் மறைக்காமல் எழுதுகிறேன். என் கையில் அப்போது ஏதேனும் இருந்திருந்தால் அவனைக் கொன்றிருப்பேன். இன்றும் பல் தேய்க்கும்போதெல்லாம் அந்த எண்ணம் வருகிறது.

10. தனக்கோடி இப்போது சீட்டில் எழுதித்தான் பேசுகிறார். நேற்று அவர் மனைவி கங்கம்மா என்னிடம் கொடுத்த சீட்டில், ‘கேசட் வந்துச்சா? ஒருவாட்டி கேக்கணும்’ என்று இருந்தது. அவர் குரல் வேறெந்த நாடாவிலும் இல்லை. எங்கள் வீட்டில் பாடியபோதெல்லாம், அடுத்த வாரம் பதிவு செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

11. எனவே, தாங்களே நேரில் கேசட்டின் பி பக்கத்தைக் கடைசிவரை கேட்டு, முதல் தகவல் அறிக்கையைத் திருத்தி, சம்பத்தைக் கைது செய்ய வேண்டுகிறேன். வழக்கு முடிந்ததும் கேசட்டை என்னிடம் தர வேண்டாம், தனக்கோடியிடமே தர வேண்டும்.

12. கடைசியாக ஒன்று. அடி விழுவதற்கு முன்னால் மேடைப் பலகை கிறீச்சிடும் சத்தம் கேசட்டில் கேட்கும். சம்பத் பின்படியில் ஏறிய சத்தம் அது. அங்கிருந்து அடி விழும்வரை ஏழு விநாடி. நான் ஐந்தடி தூரத்தில் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் நின்ற ஸ்டாண்டை அவன் தூக்கியதைப் பார்த்தேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எதிரே இருந்தவன் நான் என்பது தனக்கோடிக்குத் தெரியும். கேசட்டைக் கேட்டால் இதுவும் தெரிந்துவிடும். தெரியட்டும் ஐயா. அந்த ஏழு விநாடியில் அவர் பாட்டைத் தவிர வேறு சத்தமே இருக்காது. பதிவு மிகத் தெளிவாக வந்திருக்கிறது.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
தி. சுந்தரராமன்

இடம்: மாடம்பாக்கம்
நாள்: 14.6.1993