வேனில் மிச்சமிருந்த மலைத் தண்ணீர்

போன வாரம் வேனின் பின்கதவைத் திறந்தேன். வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது. வேனில் இருக்கும் சின்ன அடுப்பை எடுத்துவரலாம் என்றுதான் போனேன். உள்ளே ஏறியதும் என் கால் பழக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த பம்பை மிதித்துவிட்டது. குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் வந்தது. கூடவே நாற்றமும் வந்தது. அழுகிய முட்டையையும் வெயிலில் காய்ந்த ஏரிச் சேற்றையும் ஒன்றாகக் கலக்கிய மாதிரி. நான் மூக்கைப் பொத்தவில்லை. அப்படியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என் முதுகில் ஒன்று வைத்திருப்பாய்.

இந்த நாற்றம் நமக்குப் புதிதில்லை என்பது உனக்கு நினைவிருக்கும்.

நீ பொன்னேரியில் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடம் பழைய வேனைக் கழித்துக்கட்டப் பார்த்தது. அந்த வேனை அத்தனை வருஷமும் ஓட்டியவள் நான். கோட்டைக்குப்பத்தில் பிள்ளைகளை ஏற்றி பழவேற்காட்டில் இறக்குவேன், சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவேன். அதைத் தாண்டி அந்த வண்டியும் எங்கும் போனதில்லை, நானும் போனதில்லை. ஒருநாள் நீ வந்து வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய்.

"இத்த நாம வாங்கிக்கலான்டி."

"வாங்கி இன்னா பண்றது?"

"போறது."

"எங்க?"

"அத்த ஏறி ஒக்காந்தப்புறம் பாத்துக்கலாம்."

மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்தே நீ இப்படித்தான். சீட்டுகளைக் கழற்றினோம். பொன்னேரித் தச்சர் இரண்டு கட்டில் அடித்துக் கொடுத்தார். ஒரு கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து ஒரு குழாய், காலால் மிதித்தால் தண்ணீர் ஏறும் பம்பு, தொட்டியைக் காலி செய்ய வண்டிக்கு அடியில் ஒரு திருகு. என் வீட்டுக்காரர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். "தண்ணி மேலயே பொழப்பு ஓட்றவன் நானு. நீங்க தண்ணிய டப்பால அடச்சினு எங்கமே போறீங்க?" என்றார். கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டாய். "படகு ஆடினா தாங்கும். இது ஆடினா எனுக்கு வாந்தி வரும்" என்று ஏரிக்குப் போய்விட்டார்.

முதல் பயணம் ஏலகிரி. திரும்பி வந்த களைப்பில் வண்டியைப் பூட்டிவிட்டு அவரவர் வீட்டில் விழுந்து தூங்கினோம். கோடை முழுக்க வேன் வெயிலில் நின்றது. அடுத்த முறை கிளம்பியபோது தொட்டியில் பாதி இருந்த பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை ரொப்பிக்கொண்டு போனோம். வேலூரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, டீ போட நீ பம்பை மிதித்தாய். முகம் கோணியது.

"இன்னாடி இது, ஏரிய உள்ள ஊத்தினு வந்துட்டமா?"

தொட்டியின் மூடியைத் திறந்து கையை விட்டாய். சுவர் முழுக்க வழுவழுவென்று பாசி. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "சிரிக்காதடி. இந்த மாதிரி தண்ணில வாய் கொப்புளிச்சிட்டு வந்து வார்டுல சுருண்டு கெடந்த ஆளுங்கள எவ்ளோ பேரப் பாத்துகீறேன் தெரியுமா?" என்றாய். உன் முகம் அப்போது ஆஸ்பத்திரி முகமாக மாறியிருந்தது. அங்கேயே எல்லாவற்றையும் வடித்துக் கொட்டினோம். வழியெல்லாம் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு, அந்தப் பயணத்தையும் விடாமல் முடித்தோம்.

அதன்பிறகு வந்ததுதான் உன் சட்டம். ஊர் திரும்பினால் வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன் தொட்டி காலியாக வேண்டும். முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தச் சொல்வாய். அப்போதுதான் தண்ணீர் முழுவதும் பின்னால் திருகுப் பக்கம் சரியும். நீ அடியில் குனிந்து திருகைத் திறப்பாய், நான் மேலே குழாயில் காற்று வரும்வரை மிதிப்பேன். "வளைவுல நிக்கிதுடி, வளைவுல" என்று கத்துவாய். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைக் குழாய் வாயில் வைத்து நான் அடிக்க, வளைவில் தங்கிய தண்ணீர் தும்மிக்கொண்டு வெளியேறும். தெருவே வந்து நிற்கும். "இன்னா சிஸ்டரு, எங்களுக்கு இன்னா வாங்கினு வந்தே?" என்று கேட்பார்கள். கடைசிச் சொட்டு மணலில் விழுந்தபிறகுதான் உனக்குக் காது கேட்கும்.

பிறகு பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துத் தொட்டித் தண்ணீரில் கலந்து, குழாயிலும் வரும்வரை மிதித்து ராத்திரி முழுக்க விடுவோம். காலையில் வடித்து, நல்ல தண்ணீரால் வாசனை போகிறவரை திரும்பத் திரும்ப அலசுவோம். காய்ந்தபின் தொட்டியின் வாயை மூடாமல் கொசு நுழையாதபடி உன் பழைய நூல்புடவைத் துண்டைக் கட்டிவைப்பாய். ஒருமுறை நான் அலுத்துக்கொண்டேன். "ஊர் சுத்துறது ரெண்டு நாளு, கழுவுறது ரெண்டு நாளா?" நீ துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "இதுவும் ஊர் சுத்துறதுதான்டி. நாளைக்கே கெளம்பணும்னா கெளம்பலாம் பாரு" என்றாய். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. எத்தனை முறை அப்படி மறுவாரமே கிளம்பிப் போனோம்!

அந்தச் சட்டத்தை ஒரே ஒரு முறைதான் மீறினோம். மீறியது நீ.

ஜவ்வாது மலையில் ஒரு வீட்டுக்காரம்மா தன் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளச் சொன்னாள். ஓஸ் குழாயை நீதான் பிடித்தாய். நடுவில் கை நிறைய ஏந்திக் குடித்துவிட்டு, குடித்த வாயைத் துடைக்காமல் என்னைப் பார்த்தாய். "சக்கர மாதிரி கீதுடி. நம்ம ஊர்ல உப்புத் தண்ணிய குடிச்சி குடிச்சி நாக்கே செத்துப்போச்சி." வழியில் பாத்திரம் கழுவக்கூட அந்தத் தண்ணீரைத் தொட விடவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் நான் வழக்கம்போலப் பலகையை எடுத்தேன். "வெய்யி அத்த" என்றாய். "நாளைக்குத் தெருவுக்கே டீ போட்றோம்."

மறுநாள் காலை உன் வீட்டு வாசலில் பெரிய அண்டா. எல்லாரும் சொம்பும் டம்ளருமாக வந்தார்கள். என் வீட்டுக்காரர் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றார். அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டோம் என்று நீ என் தொடையில் கிள்ளினாய். அத்தனை பேர் குடித்தும் தொட்டியில் பாதி மிச்சம். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்து எறக்கிக்கலாம்" என்றாய்.

அந்த ஞாயிறு காலை கோயிலுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று உன் மகள் ஓடிவந்து சொன்னாள். நான் வந்தபோது புடவை மடிப்பு பாதியில் இருந்தது. மீதி மடிப்பை நான்தான் எடுத்துச் செருகினேன். அன்றைக்கு எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தது, போனது. பனி போய் வெயிலும் வந்துவிட்டது. வேன் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே தண்ணீர் இருப்பது எனக்குத் தெரியாமலில்லை. ஒவ்வொரு முறையும் நாளைக்கு வடித்துவிடலாம் என்றுதான் நினைப்பேன். நீ ஓஸ் பிடித்து நிரப்பிய தண்ணீர் அது. அதை என் கையால் மண்ணில் விட மனம் வரவில்லை.

போன வாரம் அப்படிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரர் ஏரியிலிருந்து வந்தார். கூடையில் இறால். கதவோரம் வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாமே நாறுது? எலி கிலி செத்துப்போச்சா?"

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"சிஸ்டரு ரொப்புன தண்ணி. அந்த மலத் தண்ணி."

அவர் கூடையைக் கீழே வைத்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன். குனிந்து தொட்டியைப் பார்த்தார். "நான் மூணு கிளாஸ் குடிச்சனே, அதுவா?" என்றார்.

"அதான்."

"அப்ப அது குடிக்கிறவரைக்கும் நல்லாத்தான இருந்திச்சி." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மீண்டும் இறுக்கிக் கட்டினார். "திருகு எங்க கீது? நான் அடில படுத்துக்கறேன். நீ மேல மிதி. கழுவிட்டு எங்கியாவது ஒரு எடம் போயிட்டு வரலாம்."

"யாரு?"

"நானுந்தான். வாந்தி வந்தா வரட்டும்."

மனுஷனுக்கு வலை தெரியும், படகு தெரியும்; அந்தத் திருகு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாது. மல்லாந்து படுத்துக்கொண்டு, முகத்துக்கு நேரே வைத்து முழுசாகத் திருகிவிட்டார். அத்தனை மாசத் தண்ணீரும் அவர் மீசைமேல் விழுந்தது. "ஐயையோ! தூ! தூ! இத்தயாமே பத்திரமா வெச்சினு இருந்த?" என்று கத்திக்கொண்டே உருண்டு வெளியே வந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தேன். நீ போனபிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடிக்கும்போது தண்ணீர் முழுவதும் மணலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. அது போவதைப் பார்த்து அழுவேன் என்று இத்தனை நாள் பயந்திருந்தேன். போனதை நான் பார்க்கவே இல்லை.

அன்று மாலை பிளீச்சிங் தண்ணீரை ஊற்றிவைத்தேன். மறுநாள் காலை கதவைத் திறந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. உள்ளே முழுக்க உன் வாசனை. டியூட்டி முடிந்து பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்குவாயே, அப்போது உன் கையிலும் புடவையிலும் இருக்கும் அதே வாசனை. கெட்டுப்போன அந்தத் தண்ணீரில் இத்தனை நாள் உன்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நீயோ சுத்தம் செய்கிற வாளிக்குள் இருந்திருக்கிறாய். கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். பிறகு அலசினேன். நீ சொன்னபடி, வாசனை போகிறவரை.

முந்தாநாள் கிளம்பினோம். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திரப் பக்கம். அவருக்கு வாந்தி வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வழியில் வரும் ஏரி குளத்துக்கெல்லாம் மீன் இருக்குமா இருக்காதா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தார். தொட்டியை வேண்டுமென்றே காலியாகத்தான் கொண்டுவந்தேன். மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில் வண்டியை நிறுத்தியதும் அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். யார் வீட்டில் போய்த் தண்ணீர் கேட்பது?

இத்தனை பயணத்திலும் அந்த வேலையை நான் செய்ததே இல்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன், நீ இறங்கிப் போய் ஏதாவது ஒரு கதவைத் தட்டுவாய். முன்பின் தெரியாத வீட்டில் எப்படித்தான் கேட்பாயோ, திரும்பி வரும்போது தண்ணீரோடு அந்த வீட்டுக் கதையும் உன்னோடு வரும். எனக்கு அது கூச்சம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வீட்டு வாசலில்கூட ஹாரன் அடிப்பேனே தவிர, இறங்கிக் கூப்பிட மாட்டேன்.

இறங்கினேன். நீல வண்ணம் அடித்த ஒரு வீடு, வாசலில் கை பம்பு. கதவைத் தட்டினேன். என் வயதுப் பெண் ஒருத்தி எட்டிப்பார்த்தாள்.

"அம்மா, வண்டிக்குக் கொஞ்சம் தண்ணி புடிச்சிக்கலாமா?"

சொன்னபிறகுதான் கவனித்தேன். அந்த இழுப்பு, தலையைச் சாய்க்கிறது, கேட்கும்போதே ஒரு காலை வாசல்படியில் வைத்துவிடுகிறது, எல்லாம் நீ. அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"தண்ணியா? ரா, ரா. லோப்பலிக்கி ரா அம்மா" என்று தெலுங்கில் உள்ளே கூப்பிட்டாள்.

நான் உள்ளே போனேன்.