கல் வைத்த ஐஸ் கட்டி

திங்கட்கிழமை ஆசிரியர் அறை பீரோவைத் திறந்தேன். மாதிரி வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து உன் எவர்சில்வர் டம்ளர் உருண்டு வந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது. அடியில் உன் மாமியார் பேர் வெட்டியிருக்கும் அதே டம்ளர். வலியில் கத்தினேனா, உன் நினைப்பில் கத்தினேனா தெரியவில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் என்னைச் சும்மா விடமாட்டாயாடி?

அதை எடுத்துக்கொண்டு நீ அறிவியல் நடத்த ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தால் பக்கத்து அறையில் நான் கணக்கு நடத்த முடியாது. அவ்வளவு சத்தம். விளிம்புவரை தண்ணீர், அதில் மிதக்கும் ஐஸ் கட்டி. "உருகினா தண்ணி வழியுமா? ஏன்னும் சொல்லணும்!" காரணமில்லாமல் சரியான விடை சொன்னவனுக்கு ஒன்றும் கிடையாது. தப்பான விடைக்கு நல்ல காரணம் சொன்னவளுக்கு வகுப்பே கைதட்ட வேண்டும். நான் எட்டிப் பார்த்தால், "வா, நீயும் சொல்லு. கணக்கு டீச்சர்னா தப்பிச்சுக்கலாமா?" என்பாய்.

அப்புறம் அந்த அரையாண்டுத் தேர்வு. மிதக்கும் ஐஸ் உருகினால் நீர்மட்டம் மாறாது என்பது கைடில் இருக்கும் விடை. நீ கேள்வியில் ஒரு வரி சேர்த்தாய்: ஐஸுக்குள் ஒரு சிறு கல் உறைந்திருந்தால்? வகுப்பு மொத்தமும் 'மாறாது' என்று எழுதி வைத்தது. மலர்விழி ஒருத்திதான் 'குறையும்' என்று எழுதினாள். ஐஸோடு மிதக்கும்போது கல் தன் எடைக்குத் தண்ணீரைத் தள்ளும், மூழ்கிவிட்டால் தன் கன அளவுக்குத்தான் தள்ளும் என்று காரணமும் எழுதினாள். ஆனால் நம் பள்ளியில் ஒருவர் வகுப்புத் தாளை இன்னொருவர்தான் திருத்துவார். அந்தப் புண்ணியவான் கைடைப் பக்கத்தில் விரித்து வைத்துத் திருத்தினார். எல்லோருக்கும் முழு மதிப்பெண், மலர்விழிக்கு முட்டை!

தலைமையாசிரியர் அறையில் நீ போட்ட சண்டை கேட் வரைக்கும் கேட்டது.

"ஒரு பொண்ணுக்காக வகுப்பையே பெயிலாக்கச் சொல்றீங்களா? புத்தகத்துல இல்லாததை ஏன் டீச்சர் கேக்கறீங்க?"

"புத்தகத்துல இருக்கறதைத்தான் சார் கேட்டேன். புரிஞ்சிருக்கான்னு கேட்டேன்."

உன்னை ஆறாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். அங்கிருந்து பொதுத்தேர்வு ரொம்ப தூரம், உன்னால் ரிசல்ட் கெடாது. பொங்கல் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ திரும்பி வரவேயில்லை. அந்த முட்டையும் முட்டையாகவே நின்றுவிட்டது.

இப்போது என்ன நடந்தது தெரியுமா? மலர்விழியின் வகுப்பாசிரியை என்று என்னைக் கூப்பிட்டார் தலைமையாசிரியர். அவளுக்கு மனப்பாடம் வராதாம், பத்தாம் வகுப்பில் உட்காரவைத்தால் நூறு சதவீதம் போய்விடுமாம். "அவ அப்பாவைக் கூப்பிட்டு நயமா சொல்லுங்க டீச்சர். டி.சி. வாங்கி வேற ஸ்கூல்ல சேத்துக்கட்டும்." நயமாம், நயம்! பிள்ளையை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு வாங்குகிற நூறெல்லாம் ஒரு நூறா? 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று வாசலில் கட்டியிருக்கும் பேனரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று அவள் அப்பா வந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிப்ட் முடிந்து, காவிரிப் பாலம் தாண்டி, வேர்க்க விறுவிறுக்க. நான் ஒன்றும் நயமாகச் சொல்லவில்லை. அவரையும் மலர்விழியையும் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிப்போனேன். வீட்டில் கல் வைத்து உறையவைத்த ஐஸ் கட்டியைப் பிளாஸ்கிலிருந்து எடுத்து உன் டம்ளரில் போட்டேன். விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அவர் மேசையில் வைத்தேன்.

"சார், இது உருகினா மட்டம் என்னாகும்?"

"மாறாது. இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"மலரு, நீ சொல்லு."

"குறையும் டீச்சர்." காரணத்தையும் முழுசாகச் சொன்னாள். தலைமையாசிரியர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்பா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் வெயில்தானே, சீக்கிரமே உருகிற்று. கல் ணங்கென்று அடியில் விழுந்தது. தண்ணீர் விளிம்பைவிட்டு இறங்கியிருந்தது.

"அப்ப பரீட்சையில எம் பொண்ணு எழுதுனது சரிதானா டீச்சர்?"

"சரிங்க. நூத்துக்கு நூறு சரி."

"அப்புறம் எதுக்கு சார் டி.சி.? இவ இங்கயே படிக்கட்டும்." எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சட்டப்படி அவளை யாரும் அனுப்ப முடியாது, அப்பா ஒப்புக்கொண்டால்தான் உண்டு. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று காலை எனக்கு உத்தரவு வந்தது. ஜூனிலிருந்து ஆறாம் வகுப்பு. உனக்குக் கொடுத்த அதே அறை, சுற்றாத அதே ஃபேன். கோபம் தலைக்கு ஏறியது. பத்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளை யாரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கப் போகிறதோ என்று இன்னும் வயிறு எரிகிறது. உன்மேலும் கோபம்தான். இவ்வளவையும் என் தலையில் கட்டிவிட்டு எங்கேடி போனாய்?

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மலர்விழி ஓடி வந்தாள். "டீச்சர், கல்லுக்குப் பதிலா தக்கை வச்சு உறையவச்சா என்னாகும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு தக்கையைத் தண்ணீரில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். உன் டம்ளர் என் பையில் இருக்கிறது.