பெஞ்சில் உட்கார்ந்த ஒத்து

திருப்போரூர்
12-2-1956

சிரஞ்சீவி சுப்பிரமணிக்கு உன் நைனா சடையப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கந்தசாமி தயவில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நாகபுரியில் நீயும் மருமகளும் குழந்தையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். உன் அம்மாவுக்கு முட்டிவலி விடவில்லை, கோவளத்திலிருந்து யாரோ கொண்டுவந்த தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அதுவே தேவலை என்கிறாள். உன் தங்கை வசந்தா மாசி உற்சவத்துக்குப் புருஷன் வீட்டிலிருந்து வந்திருக்கிறாள், அவள் குழந்தைக்குச் சளி. எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, அலுப்புதான்.

உன் கடிதம் வந்தது. போன மாசம் காலை நிகழ்ச்சியில் உன் மாமா வேதகிரியின் நாயனத்தைச் சிநேகிதர் வீட்டு ரேடியோவில் கேட்டதாகவும், அவ்வளவு இரைச்சலிலும் பின்னால் சுருதி அறுந்துபோகாமல் சுவர் மாதிரி நின்ற அந்த ஒத்துக்குழல் எங்கள் நைனா ஊதுவது என்று எல்லோரிடமும் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். வசந்தா படித்துக் காட்டியதும் உன் அம்மா கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் அன்று பஞ்சாயத்து ரேடியோ முன்னால் உட்கார்ந்து அதே ஒத்தைக் கேட்டு அழுதவள்தான். பத்து நாளாக மென்று முழுங்கிப் பார்த்தேன், முடியவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். அன்று ஊதியது நானில்லை.

ரேடியோக்காரர்கள் மேல் குறையில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள், காப்பி கூடக் கொடுத்தார்கள். அவர்கள் அனுப்பிய கடுதாசியில் நாயனம் இரண்டு, தவில் இரண்டு என்று நாலு பேர்தான் இருந்தது, அதைச் சரியாகப் பார்க்காமல் வழக்கம்போல ஐந்து பேராகப் போய் நின்றது நாங்கள்தான். அவர்களிடம் ஒத்துக்குப் பதிலாகச் சுருதிப் பெட்டி இருந்தது, அதற்கு ஆளும் இருந்தார். மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், பிறகு நானே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது, உள்ளே ஊதுவது ஒன்றும் காதில் விழவில்லை. ஆனாலும் பழக்கம் பார், விளக்கு எரிந்த நேரமெல்லாம் என் கன்னம் தானாக உப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கிருந்த பியூன், இன்னா பெரியவரே, பல்லு வலியா, கன்னம் வீங்கிக்கினு கீதே என்று கேட்டான். ஆமாப்பா என்று சொல்லிவிட்டேன்.

ரேடியோவில் ஊதிய அந்த அரைமணியால் நல்லதும் நடந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இத்தனை வருஷமும் நம் ஆட்களைக் கொல்லைப் பக்கம் உட்காரவைத்துச் சோறு போட்ட செங்கல்பட்டு வக்கீல் வீட்டில், போன வாரம் நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது கூடத்தில் நாற்காலி போட்டு ரேடியோ வித்வான் வாங்க என்றார்கள். மாமா உட்காராமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். குந்து மச்சான், உனுக்குத்தான் போட்டுக்கீறாங்க என்றேன்.

எனக்கு உறுத்துவது வேறு. எட்டு வருஷத்துக்கு முன் ரயிலேறும்போது நீ, ஒரே சத்தத்த வூதிகினு எத்தினி நாளு தள்ளுவே நைனா, எனக்கு இது வாணாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு என் ஒத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுதியது இப்போதுதான், அதுவும் பெட்டிக்குப் போய்விட்டது. பெட்டியையும் என்னையும் பெற்ற பிள்ளையாலேயே பிரித்தறிய முடியவில்லை என்றால் அன்று நீ சொன்னது சரிதானோ என்று நினைத்து நினைத்து மனசு விட்டுப்போகிறது. உன் மேல் கோபமில்லை, எட்டு வருஷமாகக் கேட்காத காது என்ன செய்யும்.

சித்திரையில் ரேடியோக்காரர்கள் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். ஒத்து இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மாமா பிடிவாதம் பிடித்தார், நான்தான் போடவைத்தேன், நாலு பேர் முன்னுக்கு வருவதை ஏன் கெடுக்க வேண்டும். நான் வீட்டிலிருந்தால் உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், அதனால் கூடவே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ கேட்டுவிட்டு, நைனா ஒத்து ஜோர் என்று முன்போலவே எழுது, யாராவது உரக்கப் படிப்பார்கள், அம்மா கேட்கட்டும். இந்த விஷயம் ஒரு வரியும் அதில் வேண்டாம்.

நீயும் பெண்டாட்டி பிள்ளையும் நூறு வயசு இருங்கள். பனியில் தலைக்குத் துணி கட்டிக்கொள். லீவு கிடைத்தால் மாசித் தேருக்கு வா. மாமாவுக்குப் பின்னால் ஊதிக்கொண்டு நிற்பேன், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்துவிடு. வாப்பா என்று என்னால் கூப்பிட முடியாது, வாயெடுத்தால் சுருதி அறுந்துவிடும். நீயாக வந்து, கேட்டுக்கொண்டு நில்.

இப்படிக்கு,
உன் நைனா
சடையப்பன்